நிழலடைந்த களிமண் கொல்லையைச் சீர்திருத்தும் முறை

காவேரிப் பாசன நாட்டிலே வீட்டின் பின்புறத்தில் கொல்லை இல்லாத குடியானவர் வீடு அரிது. அக்கொல்லையிலிருந்து நாள்தோறும் கீரையோ கிழங்கோ பறித்துச் சமைக்கும் வீடு அதனினும் அரிது. பெரும்பாலான கொல்லைகளின் நிலை யாவரும் அறிந்ததே. கோடியில் ஒரு புளியமரம், வேலியோரம் மூங்கிற்புதர், கிணற்றடியில் இரண்டு தென்னை, நடுவே பாட்டனார் வைத்த பலாமரம். அவற்றின் கீழே வெயில் படாத தரையில் பாசி படர்ந்திருக்கும். ஐப்பசி கார்த்திகையில் கணுக்கால் அளவு ஜலம் நிற்கும். சித்திரை வைகாசியில் அதே தரை கல்லைப்போல் இறுகிக் கை நுழையும்படி வெடித்திருக்கும். "ஏன் ஒன்றும் பயிரிடவில்லை?" என்று வினவினால், "களிமண்ணாயிற்றே, போதாததற்கு நிழல் வேறு" என்ற விடையே கிடைக்கும்.

இக்கொல்லையைத் திருத்த முற்படுவோர் சாதாரணமாய் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்கின்றனர். சிலர் வண்டி வண்டியாக மணல் அடித்துக் கொட்டுகின்றனர். சிலர் நிழலே குற்றமென்று எண்ணி மரத்தை வெட்டி விற்றுவிடுகின்றனர். முன்னதற்குப் பணம் செலவாகிறது. சில சமயம் அப்பணம் கடனாகவும் இருக்கிறது. பின்னதால், மூன்று தலைமுறைக்குப் பயன் தந்த மரம் ஒரே நாளில் தொலைகிறது. இவ்விரண்டும் வேண்டுவதில்லை என்பதையும், வேண்டிய வேலைகள் யாவை, அவற்றை எந்த வரிசையிற் செய்தல் வேண்டும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

களிமண் கெட்ட மண்ணா?

களிமண் கெட்ட மண் அன்று; மூச்சு விட இயலாத மண் என்பதே உண்மை. களிமண் துகள் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமனுடையது. தகடு போன்ற வடிவினது. பயிருக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து, சாம்பற் சத்து முதலியவற்றைத் தன் மேற்பரப்பிலே பற்றி வைத்துக்கொள்ளும் ஆற்றல் இத்தகடுகளுக்கு உண்டு. மணலுக்கு அவ்வாற்றல் இல்லை; அதில் இட்ட உரம் அடுத்த மழையிலே கரைந்து போய்விடும். ஆகவே களிமண் நிறைந்த களஞ்சியத்தை ஒக்கும். குறை யாதெனில் அக்களஞ்சியத்தின் கதவு அடைபட்டிருப்பதே.

கதவு அடைபடுவது எவ்வாறு என்பதை நெல் விளைவிக்கும் நம்மவருக்கு விளக்க வேண்டுவதில்லை. நடவுக்கு முன் வயலில் நீரை நிறுத்தி மிதித்தும் உழுதும் சேறாக்குகிறோம். அப்போது மண்ணிலுள்ள சிறு கட்டிகள் உடைந்து, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, நீர் கீழிறங்க இயலாத தளம் அமைகிறது. நெற்பயிருக்கு அது நன்மை. ஏனெனில் நெல் தன் தண்டினுள் அமைந்த காற்றுக்குழல்களின் வழியாய் இலையிலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும். கத்தரிக்கும் கீரைக்கும் அத்தகைய குழல்கள் இல்லை. அவற்றின் வேர் மண்ணின் இடைவெளிகளிலுள்ள காற்றையே நம்பியிருக்கிறது. அவ்விடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால், நீரின் ஊடே காற்றிலுள்ள பிராணவாயு செல்லும் வேகம் வெறும் வெளியிற் செல்லும் வேகத்தில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கே ஆகையால், வேர் மூச்சடைத்து அழுகும்.

வயலில் நாம் அறிந்து செய்யும் இக்காரியத்தைக் கொல்லையில் அறியாமற் செய்துவருகிறோம். மழைநாளில் ஈரத்தரையில் நடப்பதும், மாட்டை அங்கே கட்டி மிதிக்கவிடுவதும், சொதசொதவென்றிருக்கும்போது மண்வெட்டி போடுவதும் எல்லாம் சேறாக்குதலே. கொல்லை பாழானதற்கு மண் மாத்திரம் காரணமன்று, நம் காலும் காரணம் என்பதை உணர்ந்தால் பாதி வேலை முடிந்ததாகும்.

மண்ணைச் சோதித்தல்

வேலை தொடங்குமுன் செலவில்லாத மூன்று சோதனைகளைச் செய்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது, ஒரு பிடி ஈரமண்ணைப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே நசுக்கி நாடாப்போல் நீட்டுக. ஓர் அங்குலத்திற்குள் ஒடிந்தால் அது பசளை கலந்த இளகிய மண். இரண்டு அங்குலத்திற்கு மேல் ஒடியாமல் நீண்டால் கனத்த களிமண்.

இரண்டாவது, ஓரடி ஆழம் ஓரடி அகலமுள்ள குழி தோண்டி, மாலையில் நீர் நிரப்பி, அது வடிந்தபின் மறுபடியும் நிரப்பி வைக்க. மறுநாட் காலையிலும் நீர் நின்றால் அவ்விடத்திற்கு வடிகால் இன்றியமையாதது.

மூன்றாவது, கொட்டைப்பாக்கு அளவுள்ள காய்ந்த மண்கட்டியை ஒரு கண்ணாடிக் குவளையிலுள்ள மழைநீரில் மெதுவாக இட்டு, அசைக்காமல் ஓர் இரவு வைத்திருக்க. கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாயிருந்தால் அச்சமில்லை. கட்டியைச் சுற்றிலும் பால் கலந்ததுபோல் நீர் கலங்கினால், மண்ணில் சோடிய உப்பு மிகுந்து களர்த்தன்மை ஏறியிருக்கிறது என்று அறிக. அத்தகைய மண்ணுக்கு ஜிப்ஸம் வேண்டியிருக்கும். அதன் அளவை மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்பி அறிந்துகொள்ளுதலே முறை. நீர் கலங்காத மண்ணுக்கு ஜிப்ஸம் வாங்குதல் வீண் செலவு.

மணல் கொட்டுவதால் பயன் உண்டா?

நாற்பதடி நீளமும் முப்பதடி அகலமும் உள்ள கொல்லையை எடுத்துக்கொள்வோம். மேல் ஒன்பது அங்குல மண்ணை மாத்திரம் திருத்துவதாயினும் 900 கன அடி மண் உண்டு. அதன் தன்மை மாற வேண்டுமானால் அதிற் பாதியளவாவது, அதாவது 450 கன அடி மணலாவது சேர்த்தல் வேண்டும். ஒரு கன அடி மணல் ஏறத்தாழ 45 கிலோ நிறையுள்ளது. ஆகவே வேண்டும் மணல் 20 டன். வண்டிக்கு அரை டன் வீதம் 40 வண்டி. இவ்வளவையும் கொட்டி ஒருசேரக் கலப்பதற்கு ஆகும் கூலி வேறு.

இவ்வளவுக்குப் பணமில்லாதவர் ஐந்தாறு வண்டி கொட்டி நிறுத்திவிடுகின்றனர். அதனால் நன்மையில்லாதது மாத்திரமன்று, தீமையும் உண்டு. மணற்பருக்கைகளின் இடையே களிமண் புகுந்து அடைத்துக்கொள்வதால், காய்ந்தபோது செங்கல்லைப்போல் முன்னிலும் இறுகும். மேலும் அனுமதியின்றி ஆற்று மணலை அள்ளுதல் சட்ட விரோதமும், ஆற்றின் ஊற்றுக்குக் கேடு விளைப்பதுமாம்.

ஏரி வண்டலை அடிப்பதும் இவ்விடத்துக்குப் பொருந்தாது. செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் வண்டல் மிக்க நன்மை செய்யும். ஏனெனில் அந்நிலங்களில் இல்லாத களிமண் அதில் உண்டு. களிமண் கொல்லையில் வண்டலை அடித்தல், உள்ள நோயையே விலைகொடுத்து வாங்குவதாகும்.

முதல் வேலை: நீருக்கு வழி

நின்ற நீர் வெளியேறாத வரையில் இடுகின்ற எருவெல்லாம் வீணே. எரு நீரில் ஊறி அழுகித் துர்நாற்றம் வீசுமேயன்றி மண்ணோடு சேராது. ஆதலின் மழைக்காலத்திலே ஒரு நாள் கொல்லையில் நின்று, நீர் எங்கே புகுகிறது, எங்கே தங்குகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பவற்றைக் கண்டு குறித்துக்கொள்க. கோடையில் அச்சாய்வை அனுசரித்து ஓரடி ஆழமுள்ள வடிகால் ஒன்று வெட்டுக. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலச் சரிவு இருந்தாற் போதும். கூரையிலிருந்து விழும் தண்ணீரைத் தனியே ஒதுக்கிவிடுதல் நன்று.

வீட்டுக் கழிவு நீரில் இரண்டு வகை உண்டு. அரிசி களைந்த நீரையும் பாத்திரம் அலம்பிய முதல் நீரையும் வாழையடிக்கும் சேம்புக்கும் பாய்ச்சலாம். துணி துவைத்த சவுக்கார நீரைப் பாத்தியில் விடலாகாது. அதிலுள்ள சோடிய உப்பு களிமண் தகடுகளைப் பிரித்துக் கலக்கி மேல்மண்ணை அடைத்துவிடும். கிணற்றடியைச் சுற்றிலும் தரை வழுக்குவதற்கும் எதுவும் முளையாமைக்கும் இதுவும் ஒரு காரணம்.

வடிகாலால் வரும் நன்மை பயிருக்கு மாத்திரமன்று. தேங்கிய நீரிலே கொசு பெருகுகிறது. நிழலும் ஈரமும் உள்ள அசுத்தமான மண்ணிலே கொக்கிப்புழுவின் குஞ்சுகள் உயிர்வாழ்ந்து, வெறுங்காலோடு நடப்போரின் தோலைத் துளைத்து உட்புகுகின்றன. கொல்லையை மலங்கழிக்கும் இடமாக ஒருபோதும் பயன்படுத்தலாகாது என்பதையும், அங்கே வேலை செய்யும்போது காலணி அணிதல் நன்று என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. தெருவில் வரிசையாக வீடுகள் இருப்பதுபோலவே பின்புறத்தில் கொல்லைகளும் வரிசையாக இருக்கின்றன. என் கொல்லையின் நீர் அண்டைவீட்டார் கொல்லையில் விழும். அவருடையது அதற்கடுத்ததில் விழும். நடுவிலே ஒருவர் வாய்க்காலைத் தூர்த்து வேலி போட்டுவிட்டால் மேலேயுள்ள அத்தனை பேருடைய உழைப்பும் நீரில் மூழ்கும். மண் அவரவர் சொத்து. மழைநீரோ எல்லோருக்கும் பொது. இதைப் பற்றி முடிவிற் கூறுவோம்.

இரண்டாவது வேலை: வெளிச்சத்துக்கு வழி

நிழலைப் பகையாக எண்ணுதல் தவறு. நம் நாட்டு வெயிலிலே மண்ணிலுள்ள மக்கு வெகு விரைவில் எரிந்துபோகிறது. நிழலில் தரை குளிர்ந்திருப்பதால் அது சற்று நெடுங்காலம் நிற்கும், ஈரமும் காக்கப்படும். மரம் உதிர்க்கும் இலையோ விலையில்லாத எரு. ஆகையால் மரத்தை வெட்டவேண்டுவதில்லை. கவாத்துச் செய்தாற் போதும்.

தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரம் வரையிலுள்ள தாழ்ந்த கிளைகளை நீக்கினால் காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக உள்ளே புகும். மார்கழி தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், கொல்லையின் தென்புறத்து மரங்களே அப்பொழுது நிழலை உண்டாக்குவன. கிழக்கிலும் தெற்கிலும் உள்ள கிளைகளை முதலிற் கவனிக்க. ஒரே ஆண்டில் மரத்தின் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படக் கழித்தலாகாது. கனத்த கிளையை வெட்டும்போது முதலில் அடிப்புறத்தில் சிறிது அறுத்துக்கொண்டு பிறகு மேற்புறத்தில் அறுத்தால் பட்டை கிழியாது.

மூங்கிற்புதரில் முற்றிய மூங்கில்களை எடுத்துவிட்டால் வெளிச்சமும் கிடைக்கும், பாத்திக்கு வேலியும் பந்தற்காலும் கிடைக்கும்.

மூன்றாவது வேலை: பதம் பார்த்துக் கிளறுதல்

களிமண்ணைக் கிளறுவதற்கு உரிய நாட்கள் ஆண்டில் சிலவே. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாக்கி விரலால் அழுத்துக. உருண்டை பிசுபிசுவென்று நசுங்கினால் ஈரம் மிகுதி. அன்று மண்வெட்டியைத் தொடலாகாது. உருண்டையாகாமல் கல்லாயிருந்தால் வறட்சி மிகுதி. உருண்டையாகி, அழுத்தியவுடன் பொலபொலவென்று உதிர்ந்தால் அதுவே பதம். கோடைமழை பெய்த மூன்றாம் நாள் அல்லது நான்காம் நாள் இப்பதம் சாதாரணமாய்க் கிட்டும். தவறான ஈரத்தில் செய்த ஒரு நாள் வேலையின் தீங்கு ஓராண்டுக்கு நீங்காது.

ஒன்பது அங்குலத்திற்கு மேல் தோண்டவேண்டுவதில்லை. கீழ்மண்ணை மேலே கொண்டுவரவும் கூடாது. பெரிய கட்டிகளை அடித்துத் தூளாக்க முயலாமல் அப்படியே விட்டுவிடுக; வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் அவை தாமே உதிரும். கோடையில் உண்டாகும் வெடிப்புகளை மூடவேண்டுவதில்லை. மக்கிய எருவை அவ்வெடிப்புகளில் தள்ளிவிட்டால், மனிதர் தோண்டாமலே இரண்டடி ஆழத்துக்கு எரு சென்று சேரும்.

பின்னர் மேட்டுப்பாத்தி அமைத்தல் வேண்டும். பாத்தியின் அகலம் நான்கடிக்கு மேற்படலாகாது. இரு பக்கத்திலும் நின்று கைநீட்டினால் நடு எட்டவேண்டும். உயரம் ஆறு முதல் ஒன்பது அங்குலம். பாத்திகளின் இடையே ஒன்றரை அடி நடைபாதை விட்டு, அப்பாதையின் மண்ணையே எடுத்துப் பாத்தியின்மேற் போட்டால் பாதை வடிகாலாகவும் உதவும். ஒரு முறை அமைத்த பாத்தியில் மறுபடியும் எவரும் கால் வைத்தலாகாது. இந்த ஒரு விதியைக் குழந்தைகள் முதல் பெரியோர் வரையில் அனுசரித்தாலே மண் மூன்றாண்டில் வேறு மண்ணாகத் தோன்றும்.

மரத்தடியில் மாத்திரம் இவ்வேலை கூடாது. மரத்தின் ஊட்டவேர்களிற் பெரும்பாலானவை மேல் ஓரடி, ஒன்றரை அடி மண்ணிலேயே பரந்திருக்கின்றன. அங்கே ஆழத் தோண்டினால் வேர் அறும். அடிமரத்தின்மேல் மண்ணைக் குவித்தால் பட்டை அழுகும். அடிமரத்தைச் சுற்றி நாலைந்து அடிக்கு உதிர்ந்த இலையைப் பரப்பி அப்படியே விட்டுவிடுதல் நலம்.

நான்காவது வேலை: மண்ணுக்கு உணவு

நீருக்கும் வெளிச்சத்துக்கும் வழி செய்து பதம் பார்த்துக் கிளறியபின், திறந்த கதவு மறுபடியும் அடைபடாமற் காப்பது மக்கிய எருவே. மக்கு மண்ணிற் சேர்ந்ததும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அதை உண்டு ஒருவகைப் பிசினை உண்டாக்குகின்றன. அப்பிசின் களிமண் தகடுகளைச் சிறு சிறு மணிகளாகச் சேர்த்துப் பிடிக்கிறது. மணிக்குள் ஈரமும், மணிகளுக்கு இடையே காற்றும் தங்குகின்றன. மணலால் ஆகாத காரியம் இதனால் ஆகிறது.

இவ்வேலையில் மண்புழுவும் பெருந்துணை. இங்கிலாந்தின் பல பாகங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண்ணை மண்புழுக்கள் உட்கொண்டு மேலே கொண்டுவந்து சேர்க்கின்றன என்று சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கணக்கிட்டுக் காட்டினார். புழு துளைத்த வழிகளே காற்றும் நீரும் செல்லும் வழிகள். ஈரமும் நிழலும் இலைச்சருகும் உள்ள இடத்தையே புழு நாடும். நம் கொல்லை அதற்கு ஏற்ற இடமன்றோ?

ஆனால் நாம் செய்வது யாது? மார்கழியிலும் தையிலும் உதிரும் சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுகிறோம். போகிக்குத் தப்பியது அடுத்த வாரம் எரிகிறது. கொல்லையிலே எருவை எரித்துவிட்டு, கடைவீதியிலே உரத்தை விலைக்கு வாங்குகிறோம்.

சருகை மக்கச் செய்யும் முறையை ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர் இந்தூரிலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 1924 முதல் 1931 வரை ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். அதை நம் கொல்லைக்கு ஏற்பச் சுருக்கிக் கூறுவோம். களிமண்ணில் குழி வெட்டினால் மழைநீர் தங்குமாதலால் தரைக்கு மேலே குவியல் போடுதல் நன்று. நான்கடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள இடத்தில் அடியில் சுள்ளிகளைப் பரப்புக. அதன்மேல் அரை அடி கனம் சருகும் பசுந்தழையும். அதன்மேல் சாணிக்கரைசல் தெளித்து, ஒரு கூடை பழைய எருவோ தொழுவத்து மண்ணோ தூவுக. இவ்வாறே நாலடி உயரம் வரையில் அடுக்கித் தென்னங்கீற்றால் மூடுக. பிழிந்த துணியின் அளவு ஈரம் எப்போதும் இருத்தல் வேண்டும். சில தினங்களில் உள்ளே சூடு பிறக்கும். கடப்பாரையைச் செருகி எடுத்துத் தொட்டுப் பார்த்தால் தெரியும். சுமார் பதினைந்து நாளில் ஒரு முறையும், ஒரு மாதத்தில் ஒரு முறையும், இரண்டு மாதத்தில் ஒரு முறையும் புரட்டிப் போட்டால், மூன்று மாதத்தில் கறுத்து உதிரியான எரு ஆகிவிடும். துர்நாற்றம் வீசினால் ஈரம் மிகுதி என்றும், சூடு பிறவாவிட்டால் சாணியோ பசுந்தழையோ ஈரமோ போதாது என்றும் அறிக.

பலா, மா, மூங்கில் இவற்றின் இலை மக்குவதற்கு நாளாகும். நறுக்கிப் போட்டால் விரைவாகும். புங்கம், பூவரசு, வேம்பு, கிளைரிசிடியா ஆகியவற்றின் பசுந்தழை இக்குவியலுக்கு மிகவும் உகந்தது. அடுப்புச் சாம்பலை அளவோடு தூவலாம். களர்த்தன்மையுள்ள மண்ணுக்குச் சாம்பல் மிகுதியாயின் தீங்கு. பச்சை வைக்கோலையும் மக்காத சருகையும் மண்ணுக்குள் புதைத்தலாகாது. அவை மக்கும்போது பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும். பாத்தியின்மேல் மூடாக்காகப் பரப்பினால் அக்குற்றம் நேராது.

மேற்சொன்ன கொல்லையில் பாத்திகளின் பரப்பு 600 சதுர அடி என்று கொண்டால், இரண்டு அங்குலக் கனம் எருவுக்கு 100 கன அடி, அதாவது ஒரு கன அடி கொள்ளும் கூடையில் 100 கூடை வேண்டும். நான்கடிக்கு ஆறடியாய் நாலடி உயரம் அடுக்கிய குவியல் மக்கியபின் ஏறத்தாழப் பாதியாய்ச் சுருங்கும். ஆண்டுக்கு இரண்டு மூன்று குவியல் போட்டால் கணக்குச் சரியாகும். முதலாண்டில் இவ்வளவு இயலாவிடில் பாத்திகளிற் பாதியை மாத்திரம் திருத்துக. எல்லாவற்றிலும் சிறிது சிறிதாகத் தூவுவதினும் ஒரு பாகத்தை முழுதும் திருத்துவதே பலன் தரும். இது ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. நம் நாட்டில் மக்கு ஆண்டுதோறும் கரைந்துபோவதால் ஆண்டுதோறும் இட்டே வருதல் வேண்டும்.

நிழலில் பயிரிடத் தக்கவை

காய்க்கும் செடிகளான வெண்டை, கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அவற்றை நிழலில் வைத்து ஏமாறுதல் வேண்டா. இலையும் கிழங்கும் தருவன அதிற் பாதி வெயிலிலும் வளரும்.

ஈரம் மிகுந்த தாழ்ந்த இடத்துக்குச் சேப்பங்கிழங்கு ஏற்றது. வடிகாலின் ஓரத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தழைக்கும். மேட்டுப்பாத்தியில் மணத்தக்காளி, பசலை, புதினா வைக்கலாம். கொடிப்பசலையை வேலியிற் படரவிடலாம். மரநிழலின் ஓரத்தில் சேனையும் மஞ்சளும் இஞ்சியும் நன்கு வரும். ஆனால் இம்மூன்றும் நீர் தேங்கினால் அழுகுமாதலால் மண் திருந்திய இரண்டாம் ஆண்டில் மேட்டுப்பாத்தியில் வைத்தலே உசிதம். வெளிச்சம் சற்று அதிகமாய் விழும் மூலையிலே ஒரு முருங்கையும் ஒரு கறிவேப்பிலையும் வைக்க. முருங்கையடியில் நீர் நிற்றலாகாது.

இக்கீரைகளின் மதிப்பைக் காசால் மாத்திரம் அளத்தல் தகாது. உணவில் வைட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்கு மாலைக்கண் நோய் உண்டாகிறது. முற்றினால் கண்பார்வையே கெடுகிறது. கரும்பச்சைக் கீரைகளில் அந்த வைட்டமினாக மாறக்கூடிய சத்து நிரம்ப உண்டு. சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அச்சத்து உடலில் நன்றாகச் சேரும். வீட்டுக்குப் பின்னே பத்தடி தூரத்தில் கீரை இருந்தால் அது நாள்தோறும் உலையேறும். சந்தையிலிருந்து வரவேண்டியிருந்தால் வாரம் ஒரு நாளே ஏறும்.

மாதவாரி வேலை

தை, மாசி: சருகைச் சேர்த்து முதற்குவியல் போடுக. பங்குனி, சித்திரை: கவாத்து, வடிகால் வெட்டுதல், கவாத்துத் தழையால் இரண்டாம் குவியல். வைகாசி, ஆனி: கோடைமழைக்குப்பின் பதம் பார்த்துக் கிளறிப் பாத்தி கட்டுதல்; முதற்குவியலின் எருவை இடுதல்; சேப்பங்கிழங்கு நடுதல்; இரண்டாம் ஆண்டு முதல் சேனையைச் சித்திரை வைகாசியிலும், மஞ்சளையும் இஞ்சியையும் வைகாசி ஆனியிலும் நடுதல். ஆடி, ஆவணி: கீரை வகைகள். புரட்டாசி: வடிகாலைத் தூர்வாரி, பாத்திகளுக்கு மூடாக்குப் போடுதல். ஐப்பசி, கார்த்திகை: பாத்தியருகே மண்வெட்டியைக் கொண்டுபோகாமல், நீர் தங்கும் இடங்களை மாத்திரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுதல். மார்கழி: கீரையின் இரண்டாம் விதைப்பு.

சங்கம் செய்யக்கூடியது

மேற்கூறியவற்றில் பெரும்பாலானவை அவரவர் கைவேலை. அதற்குக் கடன் வேண்டா. ஆயினும் சில காரியங்களில் தனி மனிதர் முயற்சி செல்லாது.

அவற்றுள் தலையாயது வடிகால். ஒரு தெருவின் அங்கத்தினர்கள் கோடையிலே ஒரு நாள் ஒன்றுகூடி, கொல்லைகளின் கோடியில் பொதுவாய்க்கால் ஒன்று செல்லவேண்டிய தடத்தைக் கயிறு பிடித்துக் குறித்து, அவரவர் எல்லைக்கு உட்பட்டதை அவரவரே வெட்டுவதென்றும், புரட்டாசிதோறும் தூர்வாருவதென்றும் தீர்மானம் செய்து சங்கப் புத்தகத்தில் எழுதிவைத்தல் வேண்டும். அங்கத்தினர் அல்லாத வீட்டுக்காரரையும் அழைத்துக் கலந்துகொள்ளுதல் அவசியம். நீர் அங்கத்தினர் பட்டியலைப் பார்த்து ஓடுவதில்லை. பொது நிலத்தின் வழியே வாய்க்கால் செல்லுமானால் ஊராட்சியின் சம்மதத்தையும் பெறுக. வாய்க்கால் வழக்கால் பேச்சற்றுப்போன அண்டைவீடுகள் நம் ஊர்களில் பல உண்டு. ஒரு நாள் வேலையால் தீரக்கூடிய வழக்கு அது.

மண் மாதிரிகளை ஒன்றாகத் திரட்டிப் பரிசோதனைக்கு அனுப்புதல், களர் கண்ட கொல்லைகளுக்கு மாத்திரம் ஜிப்ஸத்தை மொத்தமாக வாங்கிப் பகிர்தல், சேனை விதைக்கிழங்கும் மஞ்சள் விதையும் பொதுவில் வாங்கி விளைந்தபின் அடுத்தவருக்கு விதை கொடுக்கும்படி ஏற்பாடு செய்தல் ஆகியவையும் சங்கத்துக்கு உரியன. மணல் அடிக்கக் கடன் கேட்டு வரும் மனுவைப் பரிசீலிக்கும் பஞ்சாயத்தார், கடன் கொடுக்குமுன், "வடிகால் உண்டா? சருகை என்ன செய்கிறீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால், பல குடும்பங்கள் வீண் கடனிலிருந்து தப்பும்.

முதலில் நீருக்கு வழி, பிறகு வெளிச்சத்துக்கு வழி, பிறகு பதம் பார்த்த மண்வெட்டி, அதன்பின் எரு. இவ்வரிசை மாறினால் உழைப்பு வீணாகும். மாறாமற் செய்தால் முதலாண்டில் கீரையும், இரண்டாம் ஆண்டில் கிழங்கும் கிடைக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்க. அது பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே ஒரு மண்புழு நெளியுமானால், அக்கொல்லை திருந்தியது என்று கொள்ளலாம்.